வலிக்கு எத்தனை மார்க்

பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற வேலை. காலையில் சமையற்கட்டுக்குப் போய், தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, தட்டுகளை இரும்பு வண்டியில் அடுக்கிவிட்டால் அப்புறம் மாடி மாடியாகச் சுற்றுவதுதான். உப்பில்லாத தட்டு யாருக்கு, சூப்பு மட்டும் யாருக்கு, பல் இல்லாததால் எல்லாவற்றையும் மசித்துக் கொடுக்க வேண்டியது யாருக்கு என்பதெல்லாம் மனப்பாடம். பிழைக்க வந்த நாட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டி, அந்த ஊர்ப் பாஷையைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டு, நிரந்தர வேலைக்கான அடையாள அட்டையும் வாங்கிவிட்டவள். பஸ்ஸில் வரும்போது அந்த அட்டையைச் சட்டைக்குள் போட மாட்டாள். நாலு பேர் பார்க்கட்டும் என்று வெளியேதான் தொங்கும்.

வேலையைவிட, ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பிரசவ வார்டுக்குப் பின்னால் நர்ஸுகள் காபி குடிக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. நாலு நாற்காலி, ஒரு ஃபிரிட்ஜ், கதவில் யாரோ ஒட்டிவைத்த பூனைப் படம். அங்கே குட்டை முடி நர்ஸ் ஒருத்தி, பெரியவளைக் கண்டால் காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காரு, வண்டி எங்கேயும் ஓடிப்போகாது" என்பாள். பிள்ளைகளின் படிப்பு, குதிகால் வலி, மாமியார் என்று பேச்சு போகும். மாமியார்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் என்று பெரியவள் தெரிந்துகொண்டது அந்த அறையில்தான்.

அந்த அறையில் ஒரு விளையாட்டும் உண்டு. வார்டில் எங்காவது ஒரு பெண் குரல் வீறிட்டால், யாராவது ஒருத்தி கோப்பையைக் கீழே வைக்காமலே, "உங்க ஆளுங்க வந்தாச்சு போலிருக்கே" என்று பெரியவளைப் பார்த்துக் கண்ணடிப்பாள். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், அதிலும் பெரியவளின் நிறமும் பாஷையும் உள்ள பெண்கள், ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுவார்கள் என்பது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோயாளியிடம் கேட்பது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். 'அவங்க பத்துன்னா பாதியைக் கழிச்சுடு' என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பெரியவளும் சிரிப்பாள். ஒருநாள் பேச்சு களைகட்டியிருந்தபோது, தலையில் கையை வைத்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று நடித்தே காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மகன் பிறந்ததும் இதே ஆஸ்பத்திரியில்தான். அப்போது அந்த ஊர்ப் பாஷையில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். தனியாகக் கிடந்து கத்தினாள். கதவுக்கு வெளியே யாரோ அவள் கத்தியதை அப்படியே திருப்பிக் கத்திக்காட்ட, இன்னொருத்தி சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். பாஷை தெரியாதவளுக்கும் சிரிப்பு புரியும். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் அவள் காதை விட்டுப் போகவில்லை. சிரிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் இனி நம்மைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு.

அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், சின்னவளுக்கு அக்காதான் எல்லாம். குளிர்பதனக் கிடங்கில் சாமான் ஏற்றும் வேலை பார்த்த நல்ல பையன் ஒருவனைப் பார்த்து, கல்யாணம் செய்துவைத்து, சின்னவளைத் தன் பக்கத்துக்கே கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சின்னவள் காய்கறிகளைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். அங்கே கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை. பாஷை வரவில்லை. டாக்டர், வங்கி, வீட்டுக்காரர் எதுவானாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவாள்.

சின்னவள் உண்டானதும் பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பிரசவத்தில் கிடைக்காததெல்லாம் தங்கைக்குக் கிடைக்க வேண்டும் என்று குட்டை முடி நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். மாசம் நெருங்க நெருங்க, தங்கையை உட்காரவைத்துப் பாடமும் எடுத்தாள்.

"அங்க போய் ஊரைக் கூட்டாதே, சொல்லிட்டேன். கத்துனா மதிக்க மாட்டாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீன்னா அவங்களே பக்கத்துல வந்து நிப்பாங்க."

"வலி வந்தா எப்படிக்கா கத்தாம இருக்கிறது?"

"நான் இருக்கேன்ல. என் கையைப் பிடிச்சுக்க. வேணும்னா கடிச்சுக்க."

"உன் கையையா? வண்டி தள்ளித் தள்ளி மரக்கட்டையா இருக்கு. என் பல்லுதான் போகும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும். சின்ன வயசில் காலில் முள் குத்தினாலும் உயிர் போகுது என்பாள், தலை பின்னும்போது சீப்பு சிக்கினாலும் உயிர் போகுது என்பாள். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வலி கண்டது ஒரு காலை நேரம். சின்னவளின் கணவன் கிடங்கில் வேலையில் இருந்தான். சொல்லிவிட்டு வருகிறேன் என்றான், மேற்பார்வையாளர் மத்தியானத்துக்குப் பிறகுதான் விடுவார் என்று திரும்ப ஃபோன் வந்தது. பெரியவள் விடுப்பு சொல்லிவிட்டுத் தங்கையை வாடகைக் காரில் கூட்டிப்போனாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, வண்டி தள்ளாமல் அந்த வார்டுக்குள் நுழைந்தாள்.

நல்ல அறைதான் கொடுத்தார்கள். ஜன்னல் இருந்தது. சுவரில் பல நிற முகங்கள் சிரிக்கிற ஒரு விளம்பரத் தாள். உங்கள் மொழியில் பேசலாம், ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் உண்டு என்று பல பாஷைகளில் எழுதி, கீழே ஒரு நம்பர். குட்டை முடி நர்ஸ் உள்ளே வந்தபோது சின்னவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் தமிழும் இருந்ததால்.

"அவளுக்கு ஃபோன் எதுக்கு?" என்றாள் நர்ஸ். "நீயே இருக்கியே. நீ நம்ம ஆளு."

நம்ம ஆளு என்ற வார்த்தையில் பெரியவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதைத் தங்கையிடமும் சொன்னாள். சின்னவள் வலியிலும் சிரித்து, "உனக்கு இங்க செல்வாக்குதான்" என்றாள்.

வயிற்றில் பட்டையைக் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷினை மாட்டினார்கள். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, முதல் பிரசவம், நேரமெடுக்கும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷினைக் கழற்றிப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி. அன்றைக்கு இரண்டு நர்ஸுகள் லீவு. இருந்தவர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

மெஷின் போன பிறகுதான் சின்னவளின் முகம் மாறியது. பெரியவளின் கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது.

"அக்கா, உயிர் போகுதுக்கா."

"அப்படித்தான் இருக்கும். மூச்சை இழுத்து விடு."

நர்ஸ் வந்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வலிக்கு எத்தனை கொடுப்பாளாம்? பத்துக்கு?" என்று கேட்டாள்.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். "வலி எப்படிடி இருக்கு?"

"உயிர் போகுது."

பெரியவளுக்கு அந்தக் காபி அறை ஞாபகம் வந்தது, அந்த நாற்காலிகள், பாதியைக் கழித்துவிடு என்ற பேச்சு. பத்து என்று சொன்னால் நர்ஸ் வாய்க்குள் சிரிப்பாள். உன் தங்கையும் இப்படித்தானா என்று நாளைக்குக் கேட்பாள். ஐந்து என்று சொன்னால், பரவாயில்லையே, தைரியசாலி என்பாள். அதுவும் இல்லாமல், சின்னவள் சொல்லுகிற 'உயிர் போகுது'க்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கூடவே வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

"அஞ்சு" என்றாள்.

நர்ஸ் சின்னவளின் தோளைத் தட்டி, "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரியவளுக்குப் பெருமையாக இருந்தது.

நேரம் போகப் போக சின்னவள் பேச்சைக் குறைத்தாள். போர்வை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரு தடவை போர்வையை எடுத்துவிட்டு, "அக்கா, விட்டு விட்டு வரலைக்கா. ஒரேயடியா நிக்குது. வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

"தலை இறங்குது போல. பொறுத்துக்க, என் ராசாத்தி."

பக்கத்து அறையில் யாரோ ஓலமிடத் தொடங்கினாள். வார்டே அந்தப் பக்கம் ஓடியது. குட்டை முடி நர்ஸ் கதவைத் தாண்டி ஓடும்போது பெரியவள் எழுந்து, "வலி ஜாஸ்தியா இருக்காம்" என்றாள். நின்று நிதானமாகச் சொல்லவில்லை, வேலையாக இருப்பவளைத் தொந்தரவு செய்கிறோமே என்ற தயக்கத்தோடு சொன்னாள்.

"எத்தனை?"

"ஆறு இருக்கும்."

"நல்லா முன்னேறுது. வந்துடறேன்."

விட்டு விட்டு வரவில்லை, ஒரேயடியாக நிற்கிறது, வயிறு கல்லாகிவிட்டது என்று தங்கை சொன்ன மூன்றையும் பெரியவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வலி என்றால் வலிதானே, அதில் என்ன விதம் என்று நினைத்தாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது சின்னவளின் உதடு வெளுத்துக் கிடந்தது. கண் திறந்திருந்தும் பார்வை எங்கோ இருந்தது. நர்ஸ் வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே சுவரிலிருந்த மணியை அடித்தாள். அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள், கட்டிலோடு உருட்டிக்கொண்டு ஓடினார்கள், பெரியவளைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். ஒரு கதவு திறந்து மூடியது. வெளியே அவள் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

குழந்தையின் நஞ்சுக்கொடி, கர்ப்பப்பைச் சுவரை விட்டு முன்னாலேயே பிரிந்துவிட்டதாம். ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது. பெண் குழந்தை. எடுக்கும்போதே உயிரில்லை. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. தாயைக் காப்பாற்றினோம் என்றார் டாக்டர். இந்த மாதிரி வலி விடாமல் நிற்கும், அதுதான் அடையாளம் என்றும் சொன்னார். பெரியவளைக் குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை, டாக்டர்கள் விளக்குகிற மாதிரிதான் விளக்கினார். பெரியவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

சின்னவளுக்கு நினைவு திரும்பியபோது டாக்டர் கட்டிலருகே வந்து நாலு வாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார், எடுத்துச் சொல் என்பது போல. பெரியவள் வாயைத் திறந்தாள். தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், ஒன்றும் கேட்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதுதான் அவளுடைய கணவன் கிடங்குச் சட்டையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தான். கையில் ஒரு சின்ன போர்வை வாங்கி வந்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும், தகப்பன் வர வேண்டும் என்றார்கள். சின்னவளால் நடக்க முடியவில்லை. அவனும் பெரியவளும் போனார்கள். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று அதிகாரிகள். பெரியவள் வழக்கம்போல அவன் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். ஆனால் நடுவில் இருந்தவர், "மன்னிக்கணும், இந்தத் தடவை நாங்க முறைப்படி செய்யறோம்" என்று சொல்லி மேஜைமேல் இருந்த ஃபோனை அழுத்தினார். ஒரு பெண் குரல், எந்த ஊரிலிருந்தோ, நல்ல தமிழில் வணக்கம் சொன்னது.

அதிகாரி வருத்தம் தெரிவித்தார். ஃபோன் குரல் அந்த வருத்தத்தை அப்படியே தமிழில் எடுத்து வைத்தது. நர்ஸுகள் பற்றாக்குறை, மெஷினை எடுத்திருக்கக் கூடாது, ஆய்வு நடக்கிறது. குரல் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதன் பிறகு அது சொன்னது: "நோயாளியின் வலி முதலில் ஐந்து என்றும் பிறகு ஆறு என்றும் பதிவாகியிருக்கிறது. இந்த எண்களைச் சொன்னவர் நோயாளியின் அக்கா. நோயாளி சத்தம் போடவில்லை என்பதால் அவசரம் என்று கருதப்படவில்லை."

அவன் மெதுவாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தான். கோபம் இல்லை. சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று கேட்கிற பார்வை. பெரியவள் மேஜைமேல் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அந்த ஃபோன் பிரசவ அறைச் சுவரில் ஒரு நம்பராக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினதும், "தம்பி, நானே அவகிட்ட சொல்லிடறேன். நீங்க சொல்லாதீங்க" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுக் கடைப் பக்கம் நடந்தான்.

சின்னவள் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். பால் கட்டி, மார்பில் துணி சுற்றியிருந்தாள். அப்படியும் கசிந்து சட்டை நனைந்திருந்தது. ஜன்னல் திரையைப் போட்டே வைத்திருந்தாள். பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முன்னுரை சொல்ல வரவில்லை.

"உன் வலி எத்தனைன்னு கேட்டாங்கல்ல. நான்தான் அஞ்சுன்னு சொன்னேன்."

"தெரியும்."

"தம்பி ஃபோன்ல சொல்லிட்டாரா?"

"அன்னிக்கே தெரியும். பெட்டி எண்ணுற வேலைதானேக்கா எனக்கு. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சதே ஒண்ணு ரெண்டு மூணுதான். அஞ்சுன்னா என்னன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி நீ ஒண்ணும் சொல்லல? என்னைத் திட்டியிருக்கலாமே. நர்ஸ்கிட்ட விரலைக் காட்டியிருக்கலாமே."

சின்னவள் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீ பெத்தவ. உனக்குத் தெரியும்னு நினைச்சேன். இதுவே அஞ்சுன்னா, இன்னும் இதே அளவு இன்னொரு பங்கு வரணும் போலனு நினைச்சேன். பாதிக்கே கத்திட்டா, முழுசா வர்றப்ப என்ன பண்றதுன்னு பயமாயிடுச்சு. அதான் அடக்கிக்கிட்டேன்."

பெரியவள் அழவில்லை. அழுதால் தங்கை தன்னைத் தேற்ற வேண்டி வரும் என்று பட்டது. எழுந்துபோய்ச் சுடுதண்ணீர் வைத்து, துணி நனைத்துப் பிழிந்து, தங்கையின் மார்புக் கட்டைப் பிரித்து ஒற்றடம் கொடுத்தாள். சின்னவள் தடுக்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

கோடை முடியும் சமயத்தில் ஆஸ்பத்திரியில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பல நாட்டுக்காரர்களும் பல பாஷைக்காரர்களும் வரும் இடம், அவர்களைப் புரிந்து நடந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. பெரியவளையும் வரச் சொன்னார்கள். உங்கள் சமூகத்தின் சார்பில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். அவள் கணவர், "போய் உட்கார்ந்துட்டு வா. வாயைத் திறக்காதே. வேலை போயிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் நல்ல மாதிரி. நரைத்த முடி, இதமான குரல். பெரியவளின் கையைப் பிடித்து, "உங்க இழப்புக்கு ரொம்ப வருத்தப்படறேன்" என்றாள். அது நடிப்பில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. திரையில் படங்கள் ஓடின. இந்த மக்கள் பன்றி சாப்பிட மாட்டார்கள், இவர்கள் ஆண் டாக்டரிடம் காட்டத் தயங்குவார்கள், இவர்களிடம் கண்ணைப் பார்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு. நர்ஸுகள் குறித்துக்கொண்டார்கள். பிறகு பெரியவளின் இனத்தாரைப் பற்றிய படம் வந்தது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்தப் பெண்கள் வலியை வெளியே சொல்ல மாட்டாங்க. பொறுத்துக்கிறது அவங்க பண்பாடு. அது நமக்குத் தெரியாததால சமீபத்துல இங்க ஒரு பெரிய துயரம் நடந்தது. அதனால இவங்க அஞ்சுன்னு சொன்னா, நீங்க பத்துன்னு எடுத்துக்கணும்."

முன்வரிசையில் குட்டை முடி நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எழுதினார்கள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

பெரியவள் எழுந்து நிற்கும்வரை, எழப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. சமையற்கட்டு உடுப்பில் இருந்தாள், தொப்பிகூடக் கழற்றவில்லை. அவளுக்குத் தெரிந்த அந்த ஊர்ப் பாஷை சாப்பாடு கொடுக்கப் போதும், இதற்குப் போதாது. தட்டுத்தடுமாறித்தான் பேசினாள்.

"அப்படி ஒரு பண்பாடு கிடையாதுங்க. என் தங்கச்சி நல்லா கத்துவா. சீப்பு சிக்கினாலே கத்துவா. நான்தான் கத்தாதேன்னு சொன்னேன். ஏன்னா நீங்க சிரிப்பீங்க. அந்தக் காபி ரூம்ல சிரிப்பீங்க. நானும் உங்ககூடச் சிரிச்சேன். எங்காளுங்க சொல்றதுல பாதியைக் கழிக்கணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன். அவ பத்து சொன்னா. நான் கழிச்சேன்."

பயிற்சி அம்மாள் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு தைரியமா பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி" என்றாள். அப்போது பின்னாலிருந்து ஓர் இளம் நர்ஸ், நிஜமாகவே புரியாமல், கையைத் தூக்கினாள்.

"அப்ப இவங்க கத்துவாங்களா, கத்த மாட்டாங்களா? நான் எதுன்னு எழுதிக்கிறது?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். பெரியவளுக்குக் கோபம் வரவில்லை, ஒரு பெரிய அசதி வந்தது. "வர்றவகிட்டயே கேளுங்க" என்றாள். "அவ பாஷையில கேளுங்க. நடுவுல என்னை மாதிரி ஆளை வைக்காதீங்க." சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டாள். நிஜமாகவே நேரமாகித்தான் இருந்தது.

வேலை போகவில்லை. பிரசவ அறைகளில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃபோன் வைத்தார்கள், உறவினரை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்று கட்டளை போட்டார்கள். பெரியவளின் இனத்தாரைப் பற்றிய படத்தை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டதாகக் கேள்வி. அதற்குப் பதில் எதை வைத்தார்கள் என்று தெரியவில்லை. காபி அறையில் அந்த விளையாட்டு நின்றுவிட்டது, அல்லது பெரியவள் காதுக்கு எட்டாமல் நடந்தது. அவள் வண்டியோடு போனால் எல்லோரும் எழுந்து மரியாதையாக வழிவிட்டார்கள். யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை.

ஒருநாள் லிஃப்டில் குட்டை முடி நர்ஸும் அவளும் மாட்டிக்கொண்டார்கள், நடுவில் சாப்பாட்டு வண்டி. லிஃப்ட் இரண்டு மாடி ஏறியது. பிறகு நர்ஸ் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ சொன்ன நம்பரை விடு. நான் வயித்துல கையை வெச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு கை வெச்சுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?" பெரியவளுக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் தன் பாரத்தில் பாதியை இறக்கி அவள் தலையில் வைத்த மாதிரி ஆகும், அப்படி இறக்கிவைத்துவிட்டுப் போவது நியாயமா என்றும் தெரியவில்லை. லிஃப்ட் திறந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சின்னவளைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காயம் ஆறிவிட்டதா என்று டாக்டர் பார்ப்பார், மனசு விட்டுப் பேச ஓர் அம்மாள் தனியாக இருப்பாள் என்றார்கள். அவள் கணவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பெரியவள் கூடப் போனாள். அறை வாசலில் அவளும் உள்ளே நுழையப் போக, சின்னவள் நின்று, "நீ இங்கயே உட்காருக்கா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளே மேஜைமேல் ஃபோன் இருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. கதவு சாத்திக்கொண்டது.

பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு கிழவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். உள்ளிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சின்னவளின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை, ஆனால் நிறுத்தாமல் சொல்கிறாள் என்று தெரிந்தது. இத்தனை மாதத்தில் அக்காவிடம் சொல்லாததையெல்லாம், முகம் தெரியாத ஒருத்தியிடம், ஃபோனுக்குள், தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் தன் பெயர் வந்ததா, அக்கா என்ற சொல் வந்ததா என்று பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, கேட்கக் கூடாது என்று எழுந்துபோய்த் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டாள்.

சின்னவள் வெளியே வரும்போது முகம் வீங்கியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்" என்றாள். பஸ் நிறுத்தத்தில் வெயில் அடித்தது. பெரியவள் தன் நிழல் தங்கைமேல் விழும்படி நகர்ந்து நின்றாள்.

"அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் சின்னவள்.

"லீவு சொல்லிடறேன்."

"வேண்டாம்க்கா. பஸ் நம்பர் தெரியும். நானே வந்துக்கறேன்."

பெரியவள் சரி என்றாள். பஸ் வந்தது. ஒரே இருக்கைதான் காலியாக இருந்தது. அதில் சின்னவள் உட்கார்ந்தாள், பெரியவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.